பேரு கேக்குற மேஜ

இல்ல ஏட்டய்யா, நான் க்யூவுலதான் நிக்கிறேன். வெயிலு தாங்காம மரத்தடிக்கு ஒதுங்கினேன், அவ்ளோதான். நீங்க அந்த அஞ்சம்மாவ வுடுங்க, கைல கொழந்த அழுவுது பாருங்க. அவ பின்னால நிக்கிறவங்களயும் வுடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணி வரிக்கும் தொறந்திருக்கும்னு காலைல நீங்கதான சத்தம் போட்டு சொன்னீங்க? அது நடுவுல மாறிடாது இல்ல?

ஏட்டு இல்லியா நீங்க? வெறும் கான்ஸ்டபிளா? அதுக்கு இன்னா இப்ப, நாளைக்கு ஆவப்போறீங்க. எங்க ஊருல காக்கி போட்டுக்கினு வந்தா ஏட்டய்யாதான். தபால்காரரு மொத தபா வந்தப்ப அவரயே போலீசுன்னு நெனச்சிக்கினு வலய சுருட்டிக்கினு ஓடினவங்க நாங்க.

ஏன் இன்னும் உள்ள போவலன்னா, மேஜைக்குப் பக்கத்துல பெஞ்சில ஒருத்தன் வெத்தல மென்னுக்கினு குந்திக்கினு இருக்கான் பாருங்க, அவன் பேரு முனுசாமி. நாட்டாரோட மச்சான். நாட்டாருன்னா எங்க மீன்காரங்களுக்கு ஊர்ப் பெரியவரு, அவரு வாயில வர்றதுதான் இங்க சட்டம். அவரு சொன்ன கட்சிக்கு இவன் ஏஜெண்டு. சோத்து வேளைக்கு அப்பால ஆளு மாறும். என் தம்பி நாகமுத்து வந்து குந்துவான். அவன் குந்தட்டும், நான் போறேன். அதுக்குத்தான் காலைலேந்து நிக்கிறேன்.

முனுசாமி இருந்தா இன்னாவா? நான் மேஜ முன்னால போயி நின்னேன்னு வைங்க. ஆபீசரு பேர படிப்பாரு. செல்லியம்மா, புருசன் பேரு அருணகிரின்னு. இவன் ஒடனே, இது அந்த செல்லியம்மா இல்ல சார்னு சொல்லிடுவான். நான் பாவாட கட்டினதுலேந்து பாத்துக்கினு இருக்கறவன்தான். இருந்தாலும் சொல்லுவான். அப்பறம் ஆபீசரு சாட்சிக்கு ஆளு கேப்பாரு. இதுதான் செல்லியம்மான்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு நான் யாரக் கூட்டிக்கினு வர்றது? சிரிக்கிறீங்க. ஊரே நிக்குதே, யாரக் கூப்ட்டாலும் சொல்லுவாங்களேன்றீங்க. ஆமா, நிக்குது.

இதுவா? கத புக்கு. கடைல வாங்கினது இல்ல. பத்திரிகைல வாராவாரம் தொடரா வந்துது. தம்பி அப்ப எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரிக்கு மூட்ட ஏத்தற வேலைக்குப் போயிக்கினு இருந்தான். டிரைவருங்க படிச்சிட்டு போட்டுட்டுப் போற பத்திரிகய எல்லாம் எனக்காக பொறுக்கிக்கினு வருவான். நான் இந்தக் கதய மட்டும் கிழிச்சு கிழிச்சு சேத்தேன். அவன்தான் வல பின்ற ஊசிய வச்சு நைலான் நூலால தச்சுக் குடுத்தான். தையல பாருங்க, சுறா வந்து இழுத்தாலும் பிரியாது. காகிதம்தான் உப்புக் காத்துல பொடிப்பொடியா ஆவுது. கடசி ரெண்டு வாரத்து பக்கம் மட்டும் தையல்ல இல்ல, சும்மா சொருவி வச்சிருக்கேன். அது வேற விசயம், அப்பால சொல்றேன்.

சாமி கத இல்ல, பேயி கதயும் இல்ல. சைன்சு கத. ராக்கெட்டு கத. ஏன், மீன்காரிச்சி ராக்கெட்டு கத படிக்கக் கூடாதுன்னு இருக்குதா? பழவேற்காட்டுல மோசஸ் வாத்தியாருகிட்ட எட்டாவது வரிக்கும் படிச்சவ நான். எங்க நைனா படகுல கொண்டு போயி வுட்டுட்டு படகுலயே கூட்டிக்கினு வருவாரு. மனுசன் ஒரு நாளைக்கு நெலாவுக்குப் போவான்னு வாத்தியாரு போர்டுல வட்டம் வட்டமா போட்டுக் காமிப்பாரு. நாங்க எல்லாம் வாயப் பொத்திக்கினு சிரிப்போம். இப்ப போயி எறங்கிட்டாங்களே. பஞ்சாயத்து ரேடியோல சொன்னப்ப எங்க ஊருல யாரும் நம்பல. நான் நம்பினேன். இதோ வடக்கால ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட்டு வுடறதுக்கு எடம் எடுத்துட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. எங்க ஊட்டு வாசல்ல நின்னா தெரியுமோ இன்னாவோ.

கத இன்னான்னா, துளசிராமன்னு ஒரு விஞ்ஞானி. மெட்ராஸ்லேந்து ராக்கெட்டுல கெளம்பறான். ஆமா, மெட்ராஸ்லேந்துதான், கதன்னா அப்படித்தான். சனி கெரகத்துக்குப் பக்கத்துல ஒரு நெலா இருக்குதாம், அங்க போறான். சனின்னு பேரு வச்ச எடத்துக்கு யாராச்சும் தானா போவாங்களான்னு எங்க அம்மா கேட்டுது. எறங்கறப்ப ராக்கெட்டு ஒரு பக்கமா சாஞ்சு ஒடஞ்சு போவுது. அவன் பொழச்சிக்கிறான். ஒரு இரும்பு ரூமு, அதுல ஒரு கண்ணாடி ஜன்னலு, பல வருசத்துக்கு சாப்பாடு டப்பாவுல. எல்லாம் இருக்குது. ரேடியோ மட்டும் பாதி கெட்டுப் போச்சு. இங்கேந்து பேசறது அவனுக்குக் கேக்குது. அவன் பேசறது இங்க கேக்கல.

வெளிய போனா மூச்சு கெடையாது, உள்ள இருந்தா ஆளு கெடையாது. அப்படியே மாட்டிக்கிறான். மெட்ராஸ் ரேடியோல இன்னா இன்னா சொல்றாங்களோ எல்லாம் கேப்பான். இன்னிக்கு மழ வரும், கடலுக்குப் போவாதீங்கன்னு சொல்லுவாங்க. சரிம்மான்னு சொல்லுவான். செய்தி படிக்கிற அம்மா வணக்கம்னு சொன்னா எந்திரிச்சு நின்னு வணக்கம்மான்னு சொல்லுவான். ஒரு நாளு இவன் செத்துப் போயிட்டான்னு முடிவு பண்ணி எரங்கல் கூட்டம் போடறாங்க. மந்திரி பேசறாரு. இவன் ரொம்ப நல்லவன், அப்படி இப்படின்னு. இவன் டப்பாவ பிரிச்சு சோத்த துன்னுக்கினே கேக்கறான். யோவ், நான் உசுரோட இருக்கேன்யான்னு கத்தறான். கத்திட்டு, அந்தக் கூட்டம் முடியற வரிக்கும் ரேடியோவ அணைக்க மாட்டேன்றான். ஏன்னா அவன் பேர அத்தினி தபா சொல்றாங்க இல்ல? அந்த எடத்தத்தான் நான் அடிக்கடி படிப்பேன். இப்ப நீங்க வந்து ஏம்மா உள்ள போவலன்னு கேட்டப்ப கூட அதத்தான் படிச்சிக்கினு இருந்தேன்.

முடிவா? இருங்க, கதய நடுவுல அறுக்கக் கூடாது. ஓட்டு போட்டுட்டு வந்து சொல்றேன். நீங்க எங்கயும் போயிட மாட்டீங்க இல்ல?

எந்த ஊரு உங்களுக்கு? செவ்வாப்பேட்டயா. அங்கேந்து தெனமும் ரயில்லயா? நிக்கக் கூட எடம் இருக்காதுன்னு சொல்றீங்க. நசுங்கிக்கினு போவீங்களா? ஒருத்தன் மேல ஒருத்தன் சாஞ்சிக்கினு, கால மெதிச்சிட்டு, யோவ் பாத்து நில்லுயான்னு சண்ட போட்டுக்கினு? நல்லா இருக்கும். இல்ல, கிண்டல் இல்ல, நெசமாத்தான் சொல்றேன். யாராச்சும் என் கால மெதிச்சிட்டு என்னயே திட்டினா எப்படி இருக்கும்னு நெனச்சேன்.

இங்க ரயிலும் இல்ல, ரோடும் இல்ல. நேத்து நீங்க போட்டுல ஓட்டுப் பொட்டிய வச்சிக்கினு வந்து எறங்கினப்ப பாத்தேன். மொழங்கால் வரிக்கும் சேறு, பூட்ச கைல தூக்கிக்கினு வந்தீங்க. இந்தாண்ட சமுத்திரம், அந்தாண்ட ஏரி. நடுவுல நாங்க. படகுல ஏத்தினாத்தான் வெளிய போவலாம். ஏத்தலன்னா இல்ல.

அந்தச் சேத்துலதான் எல்லாமே ஆரம்பிச்சிது ஏட்டய்யா. போன எலெக்ஷனுக்கு ஒருத்தரு ஓட்டு கேக்க வந்தாரு. வெள்ள வேட்டி. படகுலேந்து கால வச்சாரு, இடுப்பு வரிக்கும் எறங்கிட்டாரு. நாலு பேரு சேந்து இழுத்து வெளிய போட்டாங்க. நிமிந்து பாத்தாரு, ஒட்டுமொத்த ஊரும் பாக்குது. அங்கயே சொன்னாரு, உங்களுக்கு கல்லுல படகுத்தொற கட்டித் தர்றேன், இந்த ஊரு ஓட்டு ஒண்ணு வுடாம எனக்கு வுழணும்னு. அன்னிக்கே கங்கம்மா கோயிலாண்ட ஊர்க்கூட்டம். கற்பூரத்த கொளுத்தி வச்சு ஒவ்வொருத்தரா அடிச்சு அணச்சு சத்தியம் பண்ணோம். ஆம்பள பொம்பள எல்லாரும். எங்க பழக்கம் அதுதான். ஊரு சொன்னா சொன்னதுதான், தனியா ஒரு ஓட்டு கெடையாது.

பொட்டிய தொறந்து எண்ணினாங்க. அப்ப எல்லாம் எந்த பூத்துல எத்தினின்னு தெரிஞ்சிடும். ஆம்பளைங்க பொட்டில எல்லாம் சரியா இருந்துது. பொம்பளைங்க பொட்டில ஒரே ஒரு சீட்டு மாறி வுழுந்திருந்துது.

அவரு ஜெயிச்சிட்டாரு ஏட்டய்யா. நல்லா ஜெயிச்சாரு. தொறய கேட்டு நாட்டாரு போனாரு. உங்க ஊருல ஒரு ஓட்டு எனக்கு வுழல போலக்கீதே, பேச்சுன்னா பேச்சுன்னு சிரிச்சிக்கினே சொல்லி அனுப்பிட்டாரு. அவருக்கு அது ஒரு சாக்கு. நாட்டாருக்கு அது மானம். ஒரு வாரமா யாரு யாருன்னு ஒரே பேச்சு. அப்ப முனுசாமிதான் சொன்னான், செல்லியம்மா அன்னிக்கு க்யூவுல ஏதோ படிச்சிக்கினு நின்னா, உள்ள போவசொல்லோ கூட கைல காகிதம் இருந்துதுன்னு. காகிதம்னா இதான், அந்த வாரத்துப் பக்கம். படிச்சிக்கினு இருந்தேன், என்னக் கூப்ட்டாங்க, மடிச்சு இடுப்புல சொருவிக்கினு போனேன். அவ்ளோதான் நடந்துது. எதிர்க்கட்சிக்காரன் எழுதிக் குடுத்த காகிதம்னு சொல்லிட்டாங்க. படிக்கிற பொம்பள இந்த ஊருல ஒருத்திதான், அதனால மாத்திப் போட்டவ அவதான். அவங்களுக்கு அது போதும்.

போட்டியா இல்லியான்னு நீங்களும் கேக்கறீங்க பாருங்க. சொல்ல மாட்டேன். அந்த செவுத்துல இன்னா ஒட்டி வச்சிருக்கீங்க? ஓட்டு ரகசியமானதுன்னுதான? போன தபாவும் அங்கயேதான் ஒட்டியிருந்துது. அத எழுத்து கூட்டி ஊருக்கே படிச்சுக் காமிச்சவ நான்.

நாட்டாரு ஒண்ணும் அடிக்கல, திட்டல. கோயிலாண்ட கூப்ட்டு வச்சு, கற்பூரத்த ஏத்தி, நான் மாத்திப் போடலன்னு அடிச்சு அணச்சிட்டுப் போன்னாரு. நான் மாட்டேன்னேன். அப்ப நீதான போட்டன்னாரு. அதுவும் சொல்ல மாட்டேன்னேன்.

திமிருன்னு நெனக்கிறீங்க. கொஞ்சம் திமிருதான். ஆனா ரோசன பண்ணிப் பாருங்க. நான் போடலன்னு சத்தியம் பண்ணிட்டு வந்துட்டா, அடுத்து பக்கத்து ஊட்டு கனகாம்பாள கூப்புடுவாங்க. அவளும் பண்ணுவா. அப்பால அஞ்சம்மா. வரிசயா வந்து வந்து, கடசீல எவளோ ஒருத்தி அந்தக் கற்பூரத்துக்கு முன்னால நின்னுக்கினு கையத் தூக்க முடியாம முழிப்பா. அவ யாருன்னு எனக்குத் தெரியாது. ஏன் மாத்திப் போட்டாளோ, அதுவும் தெரியாது. கண்ணு தெரியாம போட்டாளோ, புருசன் மேல கோவத்துல போட்டாளோ. அவ ஓட்டு, அவ போட்டா. இன்னிக்கும் இந்த க்யூவுலதான் நிக்கிறா. நான் வாயத் தொறந்தா அவ மாட்டுவா. அதனால நான் தொறக்கல.

அதுக்கு ஊரு இன்னா பண்ணிச்சின்னா... நீங்களே காலைலேந்து பாத்துக்கினுதான இருக்கீங்க. எத்தினி பொம்பளைங்க என்னத் தாண்டிப் போனாங்க? ஒருத்தியாச்சும் இன்னாடி செல்லி, சாப்ட்டியான்னு கேட்டாளா? அஞ்சம்மா கொழந்தைக்காக நான் வழி வுட்டேனே, அவ என்னத் திரும்பிப் பாத்தாளா? நான் மரத்தடில நிக்கறது வெயிலுக்கு இல்ல ஏட்டய்யா. நான் வரிசைல நின்னா முன்னாலயும் பின்னாலயும் எடம் வுட்டுட்டு நிப்பாங்க, க்யூ அறுந்து போவும். அப்பறம் நீங்க லட்டிய எடுத்துக்கினு வந்து ஏன் இப்படி நிக்கிறீங்கன்னு அவங்கள அதட்டுவீங்க. எதுக்கு வம்பு.

என்கிட்ட யாரும் பேசக் கூடாது. அதான் கட்டு. நானா போயி கற்பூரத்த அணைக்கிற வரிக்கும். போன எலெக்ஷன் முடிஞ்ச பத்தாம் நாளு ஆரம்பிச்சிது.

ஆமா, இன்னிக்கு வரிக்கும்.

ஊட்டுக்காரரா? ஊட்டுலதான் இருக்காரு. சோறு ஆக்கி மூடி வப்பேன், துன்னுட்டு தட்ட கழுவி வச்சிட்டுப் போவாரு. பேச மாட்டாரு. ஏரில எங்களுக்கு பாடுன்னு ஒண்ணு இருக்குது. எந்த எடத்துல எவன் என்னிக்கு வல போடணும்னு ஊருல சீட்டு எடுத்துப் பிரிச்சிக்குவாங்க. என்கிட்ட பேசினா அவருக்குப் பாடு கெடையாது. பாடு இல்லன்னா கஞ்சி இல்ல. மொதல்ல எல்லாம் கண்ணுல தண்ணி வச்சிக்கினு பாப்பாரு. அப்பறம் பாக்கறதும் கொறஞ்சு போச்சு. நல்ல மனுசன்தான். அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. கெட்டவனா இருந்தா திட்டிட்டாவது தூங்கலாம்.

புள்ளைங்க இல்ல எங்களுக்கு. அம்மா ஊடும் இதே தெருதான். அம்மா செத்தப்ப போயி நின்னேன். எல்லாரும் கொஞ்சம் நவுந்து எடம் வுட்டாங்க. யாரு மேலயும் சாஞ்சு அழ முடியல. செவுத்துல சாஞ்சிக்கினு அழுதேன்.

எறால் எடுக்க வர்ற யேவாரியும் அப்படித்தான். எடய பாப்பான், துட்ட வச்சிட்டுப் போவான். ஊருல மத்தவங்க சரக்கு வேணுமே அவனுக்கு. படகுலயும் ஏத்த மாட்டாங்க. ராத்திரி பகலு எந்நேரமும் ஊரு சத்தம் கேக்கும். தண்ணி மொள்ற எடத்துல பேச்சு, ரேடியோல பாட்டு, பக்கத்து ஊட்டுல சண்ட. எல்லாம் எனக்குக் கேக்குது.

நாகமுத்துவா. அவனும் பேசல. சின்ன வயசுல என் முந்தானய புடிச்சிக்கினுதான் நடப்பான். இந்தப் புக்க தச்சுக் குடுத்த கை. கட்டு போட்ட அன்னிக்கு கோயிலாண்ட தலய குனிஞ்சிக்கினு நின்னான், அதோட சரி. எதிர்ல வந்தா தெருவ மாத்திக்குவான். இன்னிக்கு ஆபீசரு பேர படிச்சிட்டு, ஏஜெண்டு, இவங்கள தெரியுமா, இவங்கதானான்னு கேப்பாரு. போன தபா ஒவ்வொருத்தருக்கும் கேட்டாரு, நான் கேட்டுக்கினு நின்னேன். சர்க்காரு கேட்டா பதிலு சொல்லித்தான ஆவணும்? இது எங்க ஊரு மேஜ இல்லியே. அவன் ஆமான்னு சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் அவன் வாயால என்னப் பத்தி ஒரு வார்த்த வரணும். இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவேன்னு கேக்காதீங்க.

கடசி ரெண்டு வாரத்துப் பக்கமா? ஆமா, அப்பால சொல்றேன்னேன் இல்ல. கட்டு போட்டப்ப கத முடியல. தம்பியும் பத்திரிக கொண்டாறத நிறுத்திட்டான். துளசிராமன் இன்னா ஆனான்னு தெரியாம பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துது. ஒரு நாளு காலைல அடுப்பு பத்த வைக்க கூரைல ஓல எடுக்கப் போனேன், கடசி ரெண்டு வாரத்துப் பக்கமும் மடிச்சு சொருவியிருந்துது. யாரு வச்சதுன்னு தெரியாது. தம்பியா இருக்கலாம். அந்த ஓட்ட மாத்திப் போட்டவளா கூட இருக்கலாம். படிக்கத் தெரியாதவ, எங்கேந்தோ தேடி வாங்கியாந்து வச்சாளோ இன்னாவோ. தச்சு சேக்க மனசு வரல. அப்படியே வச்சிருக்கேன்.

தோ, வர்றான் பாருங்க. நீல சட்ட. முனுசாமி எந்திரிச்சிட்டான். என்னப் பாத்துட்டான் தம்பி. தலய குனிஞ்சிட்டான். குந்தட்டும். கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறேன்.

இந்தப் புக்க புடிங்க ஏட்டய்யா. இந்த தபா கைல காகிதம் இல்லாம போறேன். பத்தரம், பொடியா ஆவுற காகிதம்.

*

குடுங்க. இன்னா, படிச்சிக்கினு இருந்தீங்களா? எரங்கல் கூட்டம் வரிக்கும் வந்துட்டீங்களே.

பாருங்க வெரல. மை இன்னும் காயல. யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டீங்கன்னு தெரியும்.

நாகமுத்து இன்னா சொன்னான்னா, இருங்க, மொதல்லேந்து சொல்றேன். மேஜ முன்னால போயி நின்னேன். ஆபீசரு கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கினு, உங்க பேரு இன்னாம்மான்னு கேட்டாரு. செல்லியம்மான்னு சொன்னேன். ரொம்ப சத்தமா சொல்லிட்டேன் போல, அவரு பேனா நின்னு போச்சு. அப்பறம் அவரு படிச்சாரு, செல்லியம்மா, புருசன் பேரு அருணகிரின்னு. தம்பி பக்கம் திரும்பி, இவங்கதானான்னு கேட்டாரு.

அவன் தலய ஆட்டினான்.

அவ்ளோதான், தலையாட்டலோட போச்சுன்னு நெனச்சேன். ஆபீசரு வுடல. நல்ல மனுசன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, வெயிலு, பசி, எரிச்சலு. தலய ஆட்டினா நான் இன்னான்னுப்பா எடுத்துக்கறது, வாயால சொல்லுன்னு அதட்டினாரு. பெஞ்சில இன்னொரு கட்சி ஆளும் குந்திக்கினு இருக்கான், எங்க ஊருதான். வாசல்ல முனுசாமி போவாம நின்னு பாத்துக்கினு இருக்கான். தம்பி வாசல ஒரு தபா பாத்தான். ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அதுக்கு மேல யாரும் கேக்கல.

எங்க அக்காதான் சார்னு சொன்னான்.

எங்க அக்கா. யாரும் கேக்காம சொன்னான். சொல்லிட்டு என்னப் பாத்தான். நான் முத்திரய வாங்கிக்கினு தட்டி மறைப்புக்குப் பின்னால போயி, அப்படியே நின்னேன். எங்க குத்தறதுன்னு தெரியல, எல்லாம் தண்ணியா தெரிஞ்சிது. ஆச்சாம்மான்னு வெளியேந்து கேட்டாரு. ஆச்சு சார்னு சொன்னேன். ரெண்டாவது தபாவும் பதிலு சொல்லிட்டேன்.

ஆமா, அவனுக்கு வம்புதான். முனுசாமி அப்பவே கெளம்பிட்டான், நாட்டாரு ஊட்டுப் பக்கம். நாளைக்கு கோயிலாண்ட கூட்டம் இருக்கும். தம்பியையும் தள்ளி வச்சாலும் வப்பாங்க. வச்சா வக்கட்டும். தள்ளி வச்சவகிட்டதான் ஊரு பேசக் கூடாது. தள்ளி வச்சவனும் தள்ளி வச்சவளும் ஒருத்தருக்கொருத்தரு பேசிக்கக் கூடாதுன்னு கட்டு எதுவும் இல்லியே? இருந்தா நீங்கதான் சொல்லணும், சட்டம் தெரிஞ்சவரு. பாவம்தான் அவன், பொண்டாட்டி புள்ள இருக்குது. இத நான் சந்தோசமா சொல்லக் கூடாது. இருந்தாலும் சந்தோசமாத்தான் இருக்குது.

பொட்டி போற போட்டுலயே என்னயும் கூட்டிக்கினு போறேன்றீங்க. உங்க மனசு பெருசு. ஆனா இன்னிக்கு வேணாம் ஏட்டய்யா. அவன் இப்பத்தான் வாயத் தொறந்தான், இப்ப நான் போயிட்டா அவன் யாருகிட்ட பேசுவான்? அடுத்த எலெக்ஷனுக்கும் உங்களயே அனுப்பினா அப்ப பாக்கலாம். அதுக்குள்ள ஏட்டு ஆயிடுங்க.

ஆமா ஆமா, முடிவு சொல்றேன்னேன் இல்ல. மறக்கல. பல வருசம் கழிச்சு இன்னொரு ராக்கெட்டு போவுது. அவன் செத்துட்டான்னு நெனச்சிக்கினுதான் போறாங்க. கதவத் தட்டறாங்க. துளசிராமன் ஓடி வந்து தொறக்கறான். நரச்ச தாடியோட நிக்கறான். வந்தவங்க பயந்துட்டு, யாருயா நீ, உன் பேரு இன்னான்னு கேக்கறாங்க. இவன் சொல்லலாம்னு வாயத் தொறக்கறான். சத்தம் வரல. எத்தினியோ வருசம் பதிலு வராத ரேடியோகிட்ட கத்தி கத்தி, அப்பால கத்தறதையும் வுட்டு, தொண்ட மறந்து போச்சு. அவங்க தவிக்கிறாங்க, இவனும் தவிக்கிறான். அதோட முற்றும்னு போட்டுட்டாங்க.

மொதல்ல எல்லாம் நான் இந்தப் புக்க சத்தமா படிச்சிப் பாப்பேன். நம்ம குரல நாமே கேக்கறதுல இன்னா இருக்குது, அப்பறம் வுட்டுட்டேன். எத்தினி மாசம் ஆச்சின்னு தெரியல. நேத்து நீங்க எல்லாம் வந்து எறங்கினத பாத்ததுலேந்து ஒரே பயம். நாளைக்கு மேஜ முன்னால போயி நின்னு, பேரு இன்னான்னு கேக்கசொல்லோ வாயத் தொறந்து, சத்தம் வரலன்னா? தம்பி முன்னால? அதான் ஏட்டய்யா காலைலேந்து உங்கள புடிச்சு வச்சிக்கினு பேஜாரு பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்குன்னு எதுவும் இல்ல. குரலு வருதான்னு பாத்துக்கினு இருந்தேன்.

நீங்க போங்க, அங்க கூட்டம் தள்ளுது.